ராஜகுரு ஆற்றைக் கடந்த விதம்

மதுரை திருநகரில் விடிகாலையில் நடக்கிறவர்களைக் கண்டாலே ராஜகுருவுக்கு ஆகாது. நாலு தெருவைச் சுற்றிவிட்டு டீக்கடையில் இரண்டு வடையை உள்ளே தள்ளினால் அதற்குப் பெயர் நடையா? பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மேல் அதைவிட இளக்காரம். பின்னால் டெம்போவில் பாத்திரம் பண்டம், முன்னால் மைக் செட், வழியெல்லாம் மோர்ப் பந்தல். "அது நடை இல்லய்யா, கல்யாண வீட்டுக்குப் போற கூட்டம்" என்பார். அவர் எவ்வளவு நடந்திருக்கிறார் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், தல்லாகுளத்தில் இறங்கி ஆபீஸ். முப்பத்து நாலு வருஷமாக அவர் நடந்தது அவ்வளவுதான்.

அந்த அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். மார்ச் கடைசியில் ஓய்வு. எத்தனையோ பேருடைய பிரிவு உபசார விழாவுக்கு நாற்காலி போடச் சொல்லி, மாலைக்குச் சொல்லி விட்டதெல்லாம் அவர்தான். எல்லாருக்கும் ஒரே பேச்சு. நேரம் தவறாதவர், அதிர்ந்து பேசாதவர். பதினொரு மணிக்கு வந்து கத்திக்கொண்டே இருந்தவருக்கும் அதைத்தான் சொன்னார்கள். தனக்கும் அதையே சொல்லி, ஒரு சால்வையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திட்டம்: தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை, கடற்கரை ஓரமாகவே, தன்னந்தனியாக, ஏழு நாள் நடை. ஓய்வுக்கு முந்தின வாரம் போய்விட்டு, விழாவுக்கு வந்து நிற்க வேண்டும்.

திட்டம் என்றால் ஆபீஸ் திட்டம்தான். ஒரு கோப்பு திறந்தார். பொருள், பார்வை எல்லாம் போட்டு, புறப்பாடு, சேருமிடம், தூரம், குறிப்பு என்று கட்டம் கட்டினார். கணினி வரைபடத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்து ஒட்டினார். ஊன்றிக்கொள்ள ஒரு மூங்கில் கம்பு வாங்கி, ஆபீஸ் மேஜை நாற்காலிக்கு ஒட்டுகிற மாதிரியே அதிலும் ஒரு சீட்டு ஒட்டினார்: பெயர், பதவி, அலுவலகம். டார்ச் லைட்டுக்கு ஒரு சீட்டு, தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஒரு சீட்டு. கடலைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார்.

"துணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி கனகலட்சுமி வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் சொன்னாள். துணையோடு போகிறவனைப் பற்றித் தனக்கு என்ன அபிப்பிராயம் என்பதை அவர் அரைமணி நேரம் விளக்கினார். அவள் பாதியிலேயே துணி மடிக்கப் போய்விட்டாள்.

பதிவறை எழுத்தர் ஆரோக்கியம்தான் மாட்டிக்கொண்டான். அவனுடைய அம்மா ஊர் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், தென்கரையில் இருந்தது. அதனால் அவனிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதில் ராஜகுரு உறுதியாக இருந்தார். கோப்பைக் காட்டியது பாராட்டு வாங்கத்தான். அவன் இரண்டாம் நாளுக்கான குறிப்பில் விரலை வைத்தான். 'ஆறு. 10.40 முதல் 10.50 வரை நடந்து கடக்கவும்' என்று இருந்தது.

"சார், இங்கன நடக்க முடியாது."

"ஏன்?"

"தண்ணி கெடக்கும் சார்."

ராஜகுரு சிரித்தார். "மார்ச் மாசம் எந்த ஆத்துலய்யா தண்ணி? நான் வைகையில பொறந்து வளந்தவன். ஆத்தப் பாக்காத ஆளா நானு?"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்த ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், மாடுகள் புல் மேய்ந்தன, லாரிகளைக் கழுவினார்கள். மதுரைக்காரருக்கு ஆறு என்றால் மணல். திருவிழாவுக்கு அணையைத் திறந்தால்தான் தண்ணீர்.

"மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல சார். கடலே உள்ள ஏறி நிக்கும்" என்றான் ஆரோக்கியம். "என் மச்சான் ராயப்பன் சொந்தமா படகு வச்சிருக்கான். ஒரு போன் போட்டா அக்கரைல விட்ருவான்."

"போட்டுல ஏறுனா அது நடையாய்யா? நீ ரெக்கார்டு ரூமப் பாரு. ஆத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் கோப்பை மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் நடையைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மணல் காலை உள்ளே இழுத்தது. உப்பளம் குறுக்கே வந்ததால் தார் ரோட்டுக்கு ஏறி, பாதித் தூரத்துக்கு மினி பஸ்ஸில் போனார். கோப்பில் அதைக் குறிக்கவில்லை. இரண்டாம் நாள் பத்து நாற்பதுக்கு அல்ல, ஒரு மணிக்கு, இரண்டு குதிகாலிலும் கொப்புளத்தோடு வடகரையில் போய் நின்றார்.

தண்ணீர். அகலமாக, பச்சையாக, கரை முட்டிக் கிடந்தது. எதிரே ஆரோக்கியத்தின் அம்மா ஊர் கோயில் கோபுரத்துச் சிலுவை தெரிந்தது. கம்பை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டாவது எட்டிலேயே கம்பு தரை தட்டாமல் போனது. கோப்பைத் திறந்து பார்த்தார். பத்து நிமிடம் என்றுதான் அதில் இருந்தது.

வலை ஏற்றிய ஒரு படகு பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஆள் கேட்டான். "அக்கரைக்கா சார்? ஏறுங்க, நான் அங்கதான் போறேன்."

ஏறியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் படகில் ஏறினால் அது நடையா என்று ஆரோக்கியத்திடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "இல்லப்பா, சும்மா பாக்க வந்தேன்" என்றார். தோளில் மூட்டையும் கையில் கோப்புமாகச் சும்மா பார்க்க வந்தவரை அந்த ஆள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான். ராஜகுரு கம்பை மணலில் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து நேராகக் கன்னியாகுமரிக்குப் போய் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். ஐந்து நாள் சாப்பிட்டார், தூங்கினார். கடைசி நாள் கடல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

விழாவில் அவர் எதிர்பார்த்தது நடந்தது. நேரம் தவறாதவர் என்று யாரும் சொல்லவில்லை. நடந்தே போனவர், இந்த வயதில், தனியாளாக என்றார்கள். பெரிய அதிகாரியே எழுந்து கைதட்டினார். ஏற்புரையில் ராஜகுருவுக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது.

"ஆத்தக் கடக்க முடியாதுன்னு இங்க சிலர் பயம் காட்டினாங்க" என்றார். "எம்புட்டுத் தண்ணிங்கிறீங்க? முழங்காலளவு. செருப்பக் கையில பிடிச்சேன், நடந்தேன்."

கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் ஆரோக்கியமும் கைதட்டினான். அது அவருக்கு எல்லாவற்றையும்விட இனித்தது.

சால்வைகளை மடித்துக்கொண்டு கடைசியாகத் தன் அறைக்குப் போனபோது, ஆரோக்கியம் பழைய செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றோடு வந்தான். அதை மேஜைமேல் வைத்துப் பிரித்தான். மூங்கில் கம்பு. ஒட்டிய சீட்டு உப்பு ஏறி வெளுத்திருந்தது. பெயர், பதவி, அலுவலகம் மூன்றும் தெளிவாக இருந்தன.

"வடகரையில கெடந்துச்சாம் சார். ராயப்பன் நம்ம ஆபீஸ் பேரப் பாத்துட்டு பஸ்ஸுல போட்டு விட்டான். போன வாரமே வந்துருச்சு."

அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் ராஜகுரு அதட்டி அனுப்பியிருப்பார். போன வாரமே எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் கைதட்டியிருக்கிறான். வெளியே யாரோ அவருடைய நடையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்க் கதவைச் சாத்தினார்.

அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவனிடம் கேட்காத மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அங்க நிசமாவே எம்புட்டு ஆழம், ஆரோக்கியம்?"

"ரெண்டாள் ஆழம் சார்" என்று சொல்லிவிட்டு, அவன் பதிவறையைப் பூட்டப் போனான்.