பொலிஸ் பதிவில் இல்லாத மகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். விவாகரத்துக்குப் பிறகு நானும் மகளும் வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தோம். அவளுடைய அப்பா மறுமணம் செய்துகொண்டு கொட்டாஞ்சேனையில் இருந்தார். சனி, ஞாயிறு மகள் அங்கே போவாள்.

பிள்ளை யாருக்கு என்பதில் எங்கள் இழுபறி நீதிமன்றத்தோடு முடியவில்லை. வருமான வரிச் சலுகைக்குப் பிள்ளையை யார் காட்டுவது என்றும் சண்டை. படிப்புச் செலவு அவருடையது என்பதால் அதை விட்டுக்கொடுத்தேன். பொலிஸ் பதிவை மட்டும் விடவில்லை. அப்போது கொழும்பில் தமிழர் வீடென்றால் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். ஒருவரை ஒரு வீட்டில்தான் பதியலாம். மகளை என் வீட்டில் பதிந்தேன். வாரம் ஒருமுறை வந்து போகிற பிள்ளைதானே என்று கொட்டாஞ்சேனை வீட்டார் அவளை விருந்தாளியாகக்கூடப் பொலிசில் அறிவிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைப்பு, அந்த வீட்டுப் பதிவில் இல்லையென்று மகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர்களுடைய பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். அவளுடைய அப்பா வேலை விஷயமாகக் கண்டிக்குப் போயிருந்தார். மகளுக்குப் பதினைந்து வயது, அடையாள அட்டைகூட இல்லை. பதிவுப் பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பொலிஸ் நிலைய வாங்கில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பாவின் இரண்டாவது மனைவி, வீட்டுச் சட்டையோடு, தோளில் ஒரு துவாய். மலையகத்துப் பெண், ஆஸ்பத்திரித் தாதி. அதுவரை நான் அவளோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பஸ் தரிப்பிடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறவள் நான்.

"அம்மா, அன்ரியை வரச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை. தானா வண்டியில ஏறினவ. என்ர கையை விடவே இல்லை" என்று மகள் அழுதாள்.

அந்தப் பெண்ணுடைய பதிவில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலேயே இருந்திருக்கலாம். 'என் மகள், தனியாக அனுப்ப மாட்டேன்' என்று சிங்களத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

என் கடதாசிகளைப் பார்த்த அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு எத்தனை அம்மா என்று சிங்களத்தில் அதட்டினார். பொய் சொன்னதற்காக அவளையே உள்ளே தள்ளியிருக்கலாம், அப்படியான காலம் அது. அவளோ தயங்காமல் எழும்பி, இவர்தான் அம்மா, பொய் சொன்னது நான், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ! தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "ரெண்டு பேரும்தான் ஐயா" என்றேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடதாசிகளை மேசையில் போட்டு, மூவரையும் போகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க அக்கா, வயசுப் புள்ளைய தனியா அனுப்ப முடியுமா?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

வழக்காடி மகளை வாங்கியவள் நான். ஒரு உரிமையும் இல்லாமல் அந்த வண்டியில் ஏறியவளை நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் எழும்பி நின்று கும்பிட வேண்டும்போல் இருக்கிறது.