கபூர் பாயின் இ.இ.ஜி.

அடையாறில் ஒரு நரம்பியல் கிளினிக்கில் இருபத்தெட்டு வருடம் இ.இ.ஜி. டெக்னீஷியனாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக என் திறமையைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்ததில், அவர்களுக்கு உபயோகப்படக்கூடியது என் தப்பு ஒன்றுதான். அதை எழுதுகிறேன்.

1. பதிவு

மூளையின் மேற்புறத்தில் மடிந்து மடிந்து கிடக்கும் பகுதிக்குக் கார்டெக்ஸ் என்று பெயர். பார்ப்பது, பேசுவது, கையை அசைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அதில் ஓடும் மின்சாரம் மிகமிகக் குறைவு. தலையில் எலெக்ட்ரோடுகளை ஒட்டி, அதைப் பெரிதாக்கி, அலை அலையாகப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி. கார்டெக்ஸில் ஒரு கூட்டம் செல்கள் ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்தால் அது வலிப்பு.

சிக்கல் என்னவென்றால், ஆள் பல்லைக் கடித்தாலும் அலை வரும், தலை ஆடினாலும் வரும். அதனால் டெக்னீஷியன் ஆள் மேலேயே கண் வைத்து, 'இருமினார்', 'கண் திறந்தார்' என்று பதிவிலேயே குறிக்க வேண்டும். டாக்டர் மாலையில் வந்து அலையை மட்டும்தான் பார்ப்பார். எங்கள் மெஷினில் வீடியோ கிடையாது. நான்தான் வீடியோ.

கபூர் பாய் மயிலாப்பூரில் டெய்லர். ஒரு மே மாத மதியம், சாப்பிடாமல் கடை வாசலில் நின்றிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். கை கால் இரண்டு தடவை வெட்டியது. பக்கத்துப் பூக்கடைக்காரர் ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பாய் எழுந்துவிட்டார். சாவிக்கு எழுந்தால் வலிப்புதான் என்று தெருவே முடிவு செய்தது. பூக்கடைக்காரர் சாட்சியாகக் கிளினிக்குக்கும் கூட வந்தார்.

"இந்தச் சாவிதான் சார்," என்று என்னிடம் நீட்டினார். "வேணும்னா கைல வெச்சுக்க. இன்னொரு வாட்டி வந்தா யூஸ் ஆவும்."

ஏ.சி. குளிருக்காகப் பாய்க்குக் கழுத்து வரை போர்வை போர்த்தினேன். கண்ணை மூடச் சொன்னேன். பதிவு ஓட ஆரம்பித்ததும் நான் ஃபோனில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். கடைசி நாலு ஓவர். நிமிர்ந்தபோது பின்மண்டை எலெக்ட்ரோடுகளில் அழகான தாளம் ஒன்று ஓடி முடிந்திருந்தது. பாய் அசையாமல் கிடந்தார். 'நோயாளி அமைதியாக இருந்தார்' என்று தட்டினேன். பார்க்காததை எழுதினேன்.

டாக்டர் அம்மா அந்த அலையையும், கை கால் வெட்டிய கதையையும் சேர்த்துப் பார்த்து வலிப்புக்கு மாத்திரை எழுதினார். தையல் மெஷின், கத்திரி, அயர்ன் பாக்ஸ் எதையும் தனியாக இருக்கும்போது தொடக் கூடாது என்றார்.

2. ப்ளவுஸ்

பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்காக என் மனைவி ஸ்டெல்லா தைக்கக் கொடுத்திருந்த ப்ளவுஸ் வந்தது. முன்னாலும் கொக்கி, பின்னாலும் கொக்கி.

"இதப் போட்டுக்கிட்டு நான் எந்தப் பக்கமா கோயிலுக்கு நடக்கிறது?" என்றாள். "போய்க் கேளுங்க. எங்கயும் வாயத் தொறக்க மாட்டீங்க."

ப்ளவுஸை எடுத்துக்கொண்டு சண்டை போடத்தான் போனேன். கடையில் இருந்தவர் கபூர் பாய். அவர்தான் ஸ்டெல்லாவின் டெய்லர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மன்னிச்சுக்க சார்," என்றார். "மாத்திர போட்டா, ஊசில நூல் கோக்கறதுக்குள்ள சொக்குது. மெஷின்ல தனியா உக்கார வுட மாட்றாங்க. பொண்ணு வந்து எதுர்ல குந்திக்கினு கீது. இந்த சீசன் முடிஞ்சா மெஷின வித்துட்டு கடைய காலி பண்ணிரலாம்னு கீறேன். வேற இன்னா பண்ண?"

பேசிக்கொண்டே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். மெஷின் இரண்டடி தள்ளி இருந்தது. ஆனால் அவருடைய இரண்டு பாதங்களும் வெறும் தரையை மிதிக்க ஆரம்பித்தன. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். ஒவ்வொரு மிதிக்கும் சுவரில் சாய்ந்திருந்த தலை மெல்ல ஆடியது.

"நாப்பது வருசமா கால் மெஷினு," என்றாள் மகள். "கண்ண மூடினா கால் தானா தைக்கும். இதுக்குப் பயந்தே எங்கம்மா கீழ படுத்துக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பதிவு செய்தது கார்டெக்ஸின் தாளம் இல்லை. போர்வைக்குள் பாய் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தலை ஆடி, பின்மண்டை எலெக்ட்ரோடுகள் தலையணையில் உரசியிருக்கின்றன. ப்ளவுஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினேன்.

"என்ன சொன்னாரு?" என்றாள் ஸ்டெல்லா.

"அது இப்ப ஃபேஷனாம்," என்றேன்.

3. மூன்று இடத்தில் சொன்னது

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. டாக்டரிடம் சொல்வதைவிடச் சுலபம் என்று சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் முழுதும் கேட்டார்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல ஃபாதர்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்த? நானா மாத்திரைய நிறுத்தப் போறேன்?"

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன்.

"அந்த நேரத்துல நீங்க எதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"மேட்ச், மேடம்."

"யாரு ஜெயிச்சா?"

"நாமதான்."

"பாய் தோத்துட்டாரு," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

மறு பதிவில் போர்வை இல்லை. டாக்டரே பாயின் காலடியில் நின்றார். கால் அசையாதவரை அலை சுத்தமாக இருந்தது. பிறகு, "பாய், இப்ப மிதிங்க," என்றார்.

"இன்னா தைக்கட்டும் மேடம்? ப்ளவுஸா, பாவாடையா?"

"எதையாவது தைங்க."

பாய் தைத்தார். அதே தாளம் திரையில் வந்தது. நிறுத்தச் சொன்னதும் நின்றது. இதயத்தையும் சோதித்த பிறகு, அன்று அவரைத் தள்ளியது வெயிலும் பட்டினியும்தான் என்று முடிவானது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதால் படிப்படியாகக் குறைத்தார்கள். மெஷின் விற்பனைக்குப் போகவில்லை.

"காரணத்த நீங்களே போய் அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் டாக்டர். போனேன். மேட்ச் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"நாலு மாசம் சார். பேத்திய என் கைல குடுக்கல. வுழுந்தா கொழந்தயப் போட்டுருவேன்னு. அது மொத மொத தவழ்ந்தத தூரமா குந்திக்கினு பாத்தேன்."

துணியை மறுபடி கையில் எடுத்தார். "அந்த ப்ளவுஸப் பிரிச்சு சரியா தச்சுத் தரேன். வூட்டம்மா இன்னா பண்ணாங்க, பாவம். ஆனா அவங்களையே வந்து வாங்கிக்கச் சொல்லு. நீ வராத சார்."

இப்போதும் ஸ்டெல்லா பாய் கடைக்குள் போய்வரும்வரை நான் தெருமுனையில்தான் நிற்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் மேலிருந்து கண் விலகிவிட்டால், 'இந்த நேரம் நான் பார்க்கவில்லை' என்று பதிவில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு எழுதியிருந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பார். எனக்கு ஒரு திட்டு, பாய்க்கு ஒரு நாள் அலைச்சல். குழந்தை அவர் பக்கமாகவே தவழ்ந்திருக்கும்.