மூன்று முறை திரும்பி வந்த பணம்

வங்கியில் பணம் அனுப்பும் மேசையில் உட்காருபவருக்குச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் தருகிறார்கள். நான் வாங்கிய சம்பளத்துக்கு மேலாகவே சந்தேகப்பட்டேன். கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்தோ அந்தப் பக்கம் நின்றோ நொந்துபோன அன்பர்களே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கிளையில் எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்திருக்கும்.

ரகசிய எண்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெளியூருக்கு அவசரமாகப் பணம் அனுப்பத் தந்திதான் வழி. தொகை, தேதி, கிளை ஆகியவற்றுக்குரிய எண்களைப் பூட்டி வைத்த புத்தகத்திலிருந்து எடுத்துக் கூட்டி, கிடைக்கும் ரகசிய எண்ணைத் தந்தியில் சேர்ப்போம். பெறுகின்ற கிளையிலும் அவ்வாறே கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்தால்தான் பணம்.

இலக்கணம் படித்துப் புலவர் பட்டம் பெற்ற பிறகு வங்கிக்கு வந்தவள் நான். ஒருமுறை கூட்டினால் போதும் என்பது விதி. நான் மூன்று முறை கூட்டுவேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த காசாளர் தணிகாசலம் ஒருநாள் சொன்னார்: “மேடம், நீங்க கூட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தாளு நடந்தே போயி குடுத்துட்டு வந்துடுவாரு.”

ஏகாம்பரத்தின் தந்தி

ஏகாம்பரம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், வீடு அயனம்பாக்கத்தில். அவருடைய மகள் செல்விக்குத் திருநெல்வேலியில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தாயும் மகளும் முன்னதாகவே அங்கே சென்றுவிட்டார்கள். கட்டணத்துக்கு நம்பியிருந்த பி.எஃப். கடன், கடைசி நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில்தான் அவர் கைக்கு வந்தது. நேரே என்னிடம் வந்தார்.

நான் வழக்கம்போல் மூன்று முறை கூட்டினேன். கடைநிலை ஊழியர் தந்தி அலுவலகத்துக்கு ஓடிப் போவதற்குள் அங்கே தந்தி வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. தந்தி மறுநாள் தேதியிட்டுப் போயிற்று. அதிலிருந்த ரகசிய எண்ணோ முந்தைய நாள் தேதிக்குரியது. எண் ஒத்துவராததால் திருநெல்வேலிக் கிளை பணம் தர மறுத்தது. அவர்கள் செய்தது முற்றிலும் சரி. விளக்கம் கேட்டு, விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சேர்க்கை முடிந்து, செல்வியின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஏகாம்பரம் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் பணத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இன்னா பண்றது யம்மா, அட்த்த வருசம் பாத்துக்கலாம்னு பொண்ணே சொல்லிச்சு.”

கத்தும் பெட்டி

அடுத்த ஆண்டு கணினி வந்தது. அதனுடன் மோடம் என்றொரு சிறு பெட்டியும் வந்தது. நாம் தட்டெழுதியதும் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியே மற்றக் கிளையை அழைக்கும்; கிரீச்சிடும்; ஓரிரு நிமிடங்களில் பணம் அங்கே வரவாகிவிடும். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் பணம் நம்மிடமே திரும்பிவிடும். பெட்டிக்கென்று தனி இணைப்புக் கேட்டிருந்தோம், கிடைக்கவில்லை. ஆகவே என் மேசைத் தொலைபேசியின் கம்பியிலேயே அதையும் மாட்டினார்கள்.

முதல் வாரம் பொருத்தியவரே உடனிருந்து அனுப்பினார். அப்போது அவர் ஏதோ எச்சரிக்கை சொன்னதாகத் தணிகாசலம் பிற்பாடு சாதித்தார். நான் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தவை பெட்டியின் கூச்சலும் தணிகாசலத்தின் கேள்வியும்தான்: “இன்னா மேடம், உள்ள பூனைய வச்சு மூடிட்டாங்களா?”

மூன்று முறை

பொருத்தியவர் கிளம்பிப்போன மறுநாள், பகல் ஒன்றேகாலுக்கு ஏகாம்பரம் வந்தார். செல்விக்கு அதே பள்ளியில் மீண்டும் இடம், பி.எஃப். கடன் மீண்டும் கடைசி நாளில். பள்ளியின் கணக்கு எங்கள் திருநெல்வேலிக் கிளையில்தான் இருந்தது. அங்கே இரண்டு மணிக்குக் கவுண்டர் மூடுவதற்குள் பணம் வரவாகிச் செலானில் முத்திரை விழுந்தால் செல்வி மாணவி. இல்லையென்றால் இன்னோர் ஆண்டு. தாயும் மகளும் செலானுடன் அங்கே நின்றிருந்தார்கள்.

தட்டெழுதினேன். பெட்டி கத்தியது. பணம் சேர்ந்ததா என்று அந்தக் கிளையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாமென்று ரிசீவரை எடுத்தேன். ஒரே இரைச்சல். திரையில் ‘இணைப்பு அறுந்தது, தொகை திரும்பியது’ என்னும் பொருளில் ஒரு வரி. மீண்டும் அனுப்பினேன், மீண்டும் ரிசீவரை எடுத்தேன், மீண்டும் அதே வரி. மூன்றாம் முறையும் அதுவே. மணி ஒன்றே முக்கால். இயந்திரத்தை நம்பியதுதான் பிழை, தந்தியாவது கொடுப்போம் என்று புத்தகப் பூட்டின் சாவியைத் தேடினேன்.

அதுவரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த ஏகாம்பரம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா நெனைக்காத யம்மா. நாள்பூரா மிஷின் சத்தத்த கேட்டுகினு கீறவன் நானு. நீ போன எடுக்கசொல்லோல்லாம் பொட்டி சத்தம் அறுந்து பூடுது.”

நான்காம் முறை

அனுப்பும் கட்டளையைத் தட்டிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன். அது போதாதென்று தணிகாசலம் வந்து ரிசீவரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பெட்டி கத்தியது, குரல் மாறியது, அடங்கியது. தொகை வரவாயிற்று என்று திரை சொன்னது. இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. உண்மைதானா என்று கேட்க என் கை தானாகவே தொலைபேசியை நோக்கி நீண்டது. “வாணாம் யம்மா!” என்று ஏகாம்பரம் கத்திவிட்டார்.

சற்று நேரத்தில் தொலைபேசி தானே அடித்தது. திருநெல்வேலிக் கிளையிலிருந்து செல்வி பேசினாள்: “சீல் குத்திட்டாங்க மேடம், சேந்துட்டேன்! அப்பாவாண்ட சொல்லிடுங்க. அரை மணி நேரமா போன் பண்றோம், எங்கேஜ்டாவே கீது. யாராண்ட பேசிகினு இருந்தீங்கன்னு அம்மா கேக்கச் சொல்லிச்சு.”

அனுப்புவதற்கும் சரிபார்ப்பதற்கும் இருப்பது ஒரே பிற்பகலோ ஒரே கம்பியோ என்றால் எதிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொள்வதற்குச் செல்வியின் ஓராண்டு செலவாயிற்று.