சிரட்டை நிறையும் நேரம்

காலை ஆறு மணிக்குக் கைபேசியில் செய்தி வந்தது: தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. பாக்கியம் மச்சாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அதைப் போட்டிருக்கிறாள், இன்று அவளுக்குச் சுகம்தான் என்று நிம்மதியாகத் தேநீர் ஊற்றினேன். சற்று நேரத்தில் அண்ணன் அழைத்தார். மச்சாள் விடியுமுன்பே போய்விட்டாளாம்.

உன்னிச்சைக் கிராமத்தில் எங்கள் இரண்டு வீட்டு மாந்தோட்டத்துக்கும் ஒரே கிணறு. அண்ணன் மனைவியான அவளுக்குத்தான் இயந்திரங்களில் ஆசை. சொட்டுநீர்க் குழாய், மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கருவி, கைபேசியால் ஓடும் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். "வாளி தூக்கித் தூக்கி நம்மட முதுகு வளைஞ்சதுதான் மிச்சம். மரத்துக்கு ஆரு ஊத்தினாலும் ஒண்டுதான் கா" என்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே என் மரங்களுக்கும் குழாய் போடச் சம்மதித்தேன்.

முதல் கோடையிலேயே அணில்கள் குழாய்களைக் கடித்துக் குதறின. காய் பிடித்த மரங்கள் வாடின. ஆத்திரத்தில் வாழைப்பழத்துக்குள் நஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மச்சாள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"பொறு புள்ள. அதுக்கும் தாகந்தானே, மறுகா கடிக்காம என்ன செய்யும்?"

அன்று பின்னேரமே ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் குழாயில் ஒரு துளை போட்டு, கீழே தேங்காய்ச் சிரட்டை வைத்தாள். அணில்கள் அதில் குடிக்கப் பழகின. கடிப்பது முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. நஞ்சு எடுத்துப் போனதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வைகாசியில், காய்கள் முற்றும் நேரத்தில், அவள் படுத்துவிட்டாள். ஒருநாள் காலைச் சாப்பாட்டோடு பார்க்கப் போனேன். யன்னலுக்கு வெளியே வாவி அசையாமல் கிடந்தது. கைபேசியில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப மூண்டாம் வரிசைக்குத் தண்ணி போயிருக்கும்" என்றாள். வெகுநேரம் கழித்து, "வளைஞ்ச மரத்தடிக்கு வந்திட்டு."

நானும் கண்ணை மூடினேன். மருந்து மணத்துக்கு நடுவே ஈர மண்ணின் மணம் வந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனாலும் வந்தது.

"சிரட்டை நிறைஞ்சிட்டு. நிப்பாட்டு" என்று கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

அவளை அறிந்து, இன்று அவள் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். அவள் போன அன்று காலை மோட்டாரைப் போட்டது யாரென்று செத்த வீட்டில் அண்ணனைக் கேட்டேன்.

"நான்தான். என்ன நடந்தாலும் ஆறு மணிக்குப் போடுங்க எண்டு சொல்லியிருந்தா. அவட கையப் பிடிச்சபடிதான் போட்டன். மறுகாதான் உனக்குப் போன் எடுத்தன்" என்றார்.

இப்போது மோட்டார் போடுவது என் வேலை. வீட்டில் இருந்தே போடலாம், நிறுத்தலாம். அந்தக் கருவி அதற்குத்தான். நான் போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து போய் நிற்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புதான். சிரட்டை நிறைந்து, முதல் அணில் இறங்கிக் குடித்த பிறகே நிறுத்துகிறேன்.