இரண்டு முறை கிடைத்த ஸ்பேனர்

அத்தை கொண்டுவந்ததை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் சைக்கிள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய துரை பங்களாவின் பழைய சாமான் அறையைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போகவிருந்ததை அவர் கேட்டு வாங்கி, மேட்டுப் பாதையில் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர் காலத்துப் பெண்கள் சைக்கிள். சீட்டின் தோல் வெடித்திருந்தது. ஆனால் சக்கரச் சில்லுகள் நேராகச் சுற்றின, பிரேக் பிடித்தது. குறை ஒன்றுதான். பெடல்களைத் தாங்கும் அச்சு ஆடியது. கொஞ்ச தூரம் மிதித்தால் செயின் கழன்று தொங்கும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை, ஹொஸ்டலில் தங்கிப் படித்தவர். கொத்மலை நீர்த்தேக்கத்தின் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தார். நடந்து போனால் பிந்திவிடும். காலை பஸ் அங்கே போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். இனியும் பிந்தினால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். அந்த இடம் போனால் அடுத்த பேச்சு கல்யாணம்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது, அல்லது எட்டு. எனக்கே தெரிந்திருந்தது என்றால் பாருங்கள்.

அச்சை இறுக்கும் வளையத்தைச் சுற்றி வெட்டு வெட்டாக இருக்கும். அதில் மாட்டித் திருப்ப, அரிவாள்போல் வளைந்து நுனியில் ஒரு பல் வைத்த ஸ்பேனர் வேண்டும். அந்தச் சைக்கிளும் இப்போது வருவதில்லை, அந்த ஸ்பேனரும் வருவதில்லை. உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டலாமே என்றார் பக்கத்து வீட்டு மாமா. வளையம் வெடித்தால் இன்னொரு வளையத்துக்கு எங்கே போவது என்று அப்பா சைக்கிளைத் தொடவே விடவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு பழகியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா ஸ்பேனர் தேடிப் போனார். நாவலப்பிட்டியில் இல்லை. கம்பளையில் கடைக்காரர் சிரித்தே விட்டாராம். ஒருமுறை ஹட்டனுக்கு என்னையும் கூட்டிப்போனார். பஜாரில் இரண்டு கடை ஏறி இறங்கினோம். பிறகு என்னைத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு ரோல்ஸைக் கொடுத்துவிட்டு, சந்துக்குள் இருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனார். நான் ரோல்ஸைத் தின்று, விரலையும் நக்கி முடித்த பிறகும் வரவில்லை. வந்தபோது முகம் சரியில்லை.

"கெடைக்கல" என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். அத்தை தலையாட்டிவிட்டு மறுநாளைக்கு இன்னும் சீக்கிரமாக எழுந்து நடந்தார்.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கே ஆயுத பூஜையும். சாமி படத்துக்கு முன்னால் பாயை விரித்து, அப்பாவின் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சுத்தியல், அம்மாவின் அரிவாள்மணை, என் ஸ்லேட்டு, அத்தையின் புத்தகக் கட்டு எல்லாவற்றையும் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தோம். மறுநாள் விளக்கேற்றிக் கும்பிடும்வரை எதையும் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு மறுநாள் அதிகாலை வேலை. விளக்கேற்றும் முன்பே போய்விட்டார்.

கும்பிட்டு முடித்து அத்தை புத்தகக் கட்டைத் தூக்கினார். அடியில், மடித்த துணிக்குள் ஒரு இரும்பு. அரிவாள்போல் வளைந்து, நுனியில் ஒரு பல். நடுவில் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு ஹட்டன்ல அப்பா எங்கெங்க போனாங்க?"

இரும்புக் கடையைச் சொன்னேன். ரோல்ஸையும் சொன்னேன். அத்தை அந்த ஸ்பேனரின் பல்லை விரலால் தடவினார். பிறகு பழையபடி துணியில் சுற்றி, அதன்மேல் புத்தகங்களை வைத்தார்.

"நாம பாக்கல. என்ன?"

சாயங்காலம் அப்பா வந்த பிறகு துணிக்குள் ஒன்றும் இல்லை. நான் போய்த் தடவிப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து அத்தை செயினைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளை மைதானத்துக்குத் தள்ளிப்போனார். மேட்டில் ஏறி உட்கார்ந்து, காலால் உந்தி, சரிவில் உருண்டு வந்து பிரேக் பிடிப்பார். முதலில் பயங்கரமாகத் தடுமாறினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாளுக்கு நாள் தடுமாற்றம் குறைந்தது. வேலை முடிந்து வரும் அப்பா மேல் பாதையில் நின்று, தேயிலைச் செடியில் ஏதோ பூச்சியைத் தேடுகிறவர்போல் பார்ப்பார். அப்பா அந்த வழியாக வராத நாட்களில் அத்தை சைக்கிளைத் தொடவே மாட்டார். சோம்பல் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மேலேயிருந்து குரல் வந்தது.

"முன் பிரேக்க மட்டும் புடிக்காத புள்ள. ரெண்டையும் சேத்துப் புடி."

"சரிங்கண்ணே" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பத்திரிகையில் சுற்றிய ஒன்றோடு வந்தார். பிரித்தார். பல்லின் இடுக்கில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"எங்கண்ணே கெடச்சிச்சு?"

"ஹட்டன்லதான்."

"ரொம்ப அலைஞ்சிருப்பீங்களே."

"கொஞ்சம் அலைச்சல்தான்."

அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏற்கனவே கிடைத்த ஒன்றை எதற்கு மறுபடி கண்டுபிடிக்கிறார்கள், பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு மறதி என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

அப்பா வளையத்தை இறுக்கினார். அச்சு ஆடவில்லை. மறுநாள் காலை அத்தை சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினார். நீர்த்தேக்கத்துக்கு மேலே, தடுப்புச் சுவர் இல்லாமல் பாதை வளையும் முடக்கில் அப்பா முன்கூட்டியே போய் நின்றுகொண்டிருந்தாராம், லொறிக்குக் காத்திருப்பவர்போல. அந்த வாரம் முழுக்க அந்த லொறி வரவில்லை.

இப்போது நான் டிக்கோயாவில் இருக்கிறேன். என் மகளுக்கு ஆறு வயது. அவள் சைக்கிளின் பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள குட்டிச் சில்லுகளைக் கழற்றச் சொல்லி நச்சரிக்கிறாள். ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவருகிறேன். அது என் கைப்பையில்தான் இருக்கிறது. செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் போன வாரம் அத்தைக்கு அழைத்தேன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கும் ஆசிரியையின் நிதானத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

நீங்கள் மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் பழகினீர்கள் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"எனக்கு ஹொஸ்டல்ல இருந்தப்பவே சைக்கிள் ஓட்டத் தெரியும் புள்ள. பழக வேண்டியிருந்தது ஒங்க அப்பாவுக்குத்தான்."