நடு நிரையில் ஒரு பெயர்

நாங்கள் இப்போது வாழும் வெளிநாட்டு ஊரான அல்பெர்கேரியாவில் பழைய சாமான் பரப்பி விற்கும் சந்தில், வெயிலில் கிடந்த பெட்டிபோன்ற கணினித் திரையொன்றிலிருந்து சூடேறிய தூசியின் மணம் வந்தது. அது என்னைக் கிளிநொச்சியின் தகரக் கொட்டகை ஒன்றுக்குக் கொண்டுபோனது; இப்போது அங்கே சுவர்கூட இல்லையாம்.

வெளியே ஜெனரேட்டர் உறும, தகரம் அதிர, உள்ளே நாங்கள் சி என்ற கணினி மொழி படித்தோம். நெடுக்கான நிரலுக்கு ஓர் எண்ணும் கிடையான நிரைக்கு ஓர் எண்ணும் கொடுத்தால், கறுப்புத் திரையில் சரியாக அந்த இடத்தில் பெயர் போய் நிற்கும். திரையைத் துடைக்கும் கட்டளையை எழுதாமல் விட்டால், முன்பு எழுதியதும் அழியாமல் கூடவே இருக்கும். எனக்கு முந்திய நேர வகுப்பில் அதே கணினியில் இருந்த சுகந்தி, நான் முகமே அறியாதவள், தன் பெயரை அப்படி நடுவில் விட்டுப் போவாள். நான் ஒரு நிரை கீழே என் பெயரை வைப்பேன். அதை அவள் ஒருநாளும் பார்த்திருக்கமாட்டாள். பின்னேரம் ஜெனரேட்டரை நிறுத்தினால் இரண்டு பெயருமே போய்விடும்.

ஒருநாள் நடு நிரை வெறுமையாக இருந்தது.

"அவளை இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போட்டினமாம்," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "இனி நீ நடுவிலையே போடலாம்."

நான் போடவில்லை; நடுவில் பெயர் போட்டால் அடுத்ததாக என்னைப் பிடிப்பார்களோ என்று பயம்.

இப்போது இந்தச் சந்தில் என் மகள் அந்தத் தூசித் திரையின் நடுவில் விரலால் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். யோசிக்குமுன்பே அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"நடுவிலை வேண்டாம் பிள்ளை. கொஞ்சம் கீழை எழுது."

"ஏனம்மா? அதிலை ஒருத்தரும் இல்லையே."

என் பயத்தை இவளுக்கும் கொடுக்கிறேனோ என்று தோன்றியது. "ஓம், இல்லைத்தான்," என்றேன். ஆனாலும் அவள் விரலைக் கீழே இறக்கிய பிறகுதான் கையை விட்டேன்.