சொல்தாவின் தொங்கிய தாடை

ஆதிமூலம் டாக்டர் இல்லை. புதுச்சேரி மாட்டாஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டுகிறவர். ஆனால் வருகிற நாய்க்கு என்ன வந்தது, எப்படி முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. வாயில்லா ஜீவன் எதனால் செத்தது என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நான்கு வருஷத்தில் தாடை தொங்கி வந்தவை ஒன்பது. ஒன்பதும் வெறி பிடித்தவை, ஒன்பதும் செத்தன.

1958-இல் ஒரு காலை, வைத்திக்குப்பத்து மீன்காரி சின்னப்பாப்பா பத்தாவது நாயைக் கயிற்றில் இழுத்து வந்தாள். பட்டாளத்துக்காரன் போல விறைப்பாக நடப்பதால், பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள்படும் சொல்தா என்பதே அதன் பெயர். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே உயிர். இன்றோ வாய் மூடவில்லை. எச்சில் நூலாக ஒழுகியது. தண்ணீர்ச் சட்டியில் மூஞ்சியை விட்டும் ஒரு வாய் உள்ளே போகவில்லை.

பின்னாலேயே துடுப்போடு வந்தான் அவள் கொழுந்தன் பலராமன்.

“வெறிதான் அண்ணி. குப்பத்துல கொழந்தைங்க இருக்குது. நவுரு, ஒரே போடு!”

“மொதல்ல என்னப் போடு பலராமா!”

டாக்டர் காரைக்கால் போயிருந்தார். சந்தேகமான நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது வழக்கம். வெறியென்றால் அதற்குள் செத்துவிடும். ஆனால் குடிக்க முடியாத நாய் தாகத்திலேயே செத்துவிடுமே! செத்தால் வெறி என்றுதானே எழுதுவார்கள்?

ஆதிமூலம் ஒரு நீளக் குச்சியில் துணி சுற்றி, தொங்கிய தாடையை மெல்லத் தூக்கினார். அந்த ஒன்பது நாய்களுக்கும் அது தடையில்லாமல் மூடியது, விட்டதும் தொங்கியது. இதற்குப் பாதியில் நின்றது. சொல்தா வீரிட்டது.

“வலிக்குதா ராஜா? வலிக்கட்டும், நல்லதுதான்.”

“அது கத்துது, நீ நல்லதுன்றியே!” என்றான் பலராமன்.

“வெறி வந்த தாடைக்கு பலம் இருக்காது தம்பி, தூக்குனா மூடிக்கும். இது மூடல. உள்ள என்னமோ நிக்குது. நேத்து இன்னாம்மா போட்ட?”

“கெளுத்தித் தலை…” என்றாள் சின்னப்பாப்பா. குப்பத்தில் கெளுத்தியின் முள்ளை ஒடிக்காமல் யாரும் நாய்க்குப் போடுவதில்லை. “படகு வந்துடுச்சின்னு ஓடுனேண்ணே! ஒடிக்கலியே, பாவி நான்!” மார்பில் அடித்துக்கொண்டாள்.

கணக்குத் தப்பி இது வெறியாக இருந்தால், ஒரு பல் பட்டாலே சாவுதான். ஆதிமூலம் தோல் கையுறையை மாட்டினார். பலராமன் துடுப்பை நாயின் கழுத்தில் குறுக்கே வைத்து அழுத்தினான். ஆதிமூலம் கடைவாயில் மரக்கட்டையைச் செருகி, இடுக்கியை உள்ளே விட்டார். ரம்பம் போன்ற முள் ரத்தத்தோடு வந்தது.

சொல்தா தண்ணீர் குடித்தது. சட்டி காலியாகும்வரை குடித்தது. அந்த நக்கும் சத்தத்தைக் கேட்டுப் பலராமன் துடுப்பைக் கீழே போட்டு, இன்னொரு சட்டி மொண்டு வர ஓடினான்.

“கூட்டிகினு போறேண்ணே.”

“பத்து நாள் இங்கயே இருக்கட்டும்மா. முள்ளோட வெறியும் இருந்திருக்கலாம். நான் ஆண்டவன் இல்ல.”

கையுறையைக் கழற்றியபோதுதான் பெருவிரலில் ஒரு கீறல் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் வயிற்றில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை; கைக்குழந்தையைத் தூக்கவும் இல்லை. சின்னப்பாப்பா தினமும் கஞ்சியோடு வந்து, வேலிக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் சொல்தா வாலாட்டியபடி எழுந்து நின்றது. ஆதிமூலம் கயிற்றை அவிழ்த்தார்.

“முள்ளு பாத்துப் போடும்மா.”

“போட மாட்டேண்ணே. ஆய்ஞ்சி ஊட்டியே வுடுவேன்!”

அவர் சிரித்தார். வீட்டுக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்தபோதுதான் அழுதார்.